நுரையீரல் ரத்தக்குழாய்களின் அமைப்பு மாறுபாடுகள்: மும்பைத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சி.டி. ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசியில் சில நேரம் ஒரு வரி இருக்கும்: நுரையீரலின் ரத்தக்குழாய் ஒன்று வழக்கத்துக்கு மாறான இடத்தில் கிளைத்திருக்கிறது என்று. ரிப்போர்ட் ஆங்கிலத்தில் இருக்கும், டாக்டர் இந்தியிலோ மராத்தியிலோ விளக்குவார், வீட்டில் பேசுவது தமிழில். தாராவியிலும் சயானிலும் செம்பூரிலும் முலுண்டிலும் உள்ள நம் குடும்பங்களில் அந்த ஒரு வரி இந்த மூன்று மொழிக்கு நடுவே மாட்டிக்கொள்கிறது. சில வீட்டில் அது பெரிய பயமாகிவிடும். சில வீட்டில் யார் கண்ணிலும் படாமல் ஃபைலுக்குள் கிடக்கும். இரண்டாவதுதான் எங்களுக்கு அதிகக் கவலை தருவது. நோயாளிகள், வீட்டார், நர்ஸிங்கும் ரேடியாலஜி டெக்னீஷியன் படிப்பும் படிக்கும் பிள்ளைகள் என எல்லோரையும் மனதில் வைத்து இதை எழுதியிருக்கிறோம்.

"ஆப்கீ நஸ் அலக் ஹை" என்றார் டாக்டர். நரம்பில் கோளாறா?

இல்லை. இந்தியில் 'நஸ்' என்ற பேச்சுச் சொல் நரம்பையும் குறிக்கும், ரத்தக்குழாயையும் குறிக்கும். நாமும் அப்படித்தான் பேசுகிறோம். ஊசி போடும்போது "நரம்பு கிடைக்கவில்லை" என்றால் அங்கே தேடுவது சிரையை. டாக்டர் சொன்னது ரத்தக்குழாயைத்தான். எந்தக் குழாய் என்பதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தமனியா (இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய்) சிரையா (இதயத்துக்குக் கொண்டுவரும் குழாய்), வலதா இடதா, எந்த மடல் என்ற மூன்று விவரமும் கையில் இருந்தால் கீழே உள்ள பதில்களில் உங்களுடையது எது என்று பிடிபட்டுவிடும்.

வழக்கமான அமைப்பு என்பது எது?

வலது நுரையீரலில் மூன்று மடல்கள், இடதில் இரண்டு. இதயத்தின் வலது கீழறையிலிருந்து கிளம்பும் நுரையீரல் தமனித் தண்டு இரண்டாகப் பிரியும். வலது கிளை நீளமானது, உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் மகாதமனிக்கும், உடலின் மேற்பாதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் மேற்பெருஞ்சிரைக்கும் பின்புறமாகப் போகும். இடது கிளை குட்டையானது, இடது மூச்சுக்கிளையின் தலைக்கு மேலே வளைந்து இறங்கும். அங்கிருந்து தமனிகள் மூச்சுக்கிளைகளை ஒட்டியே கிளைத்துக்கொண்டு போகும். சிரைகளின் வழி வேறு. அவை துண்டங்களுக்கு (ஒரு மடலுக்குள் இருக்கும் சிறு பிரிவுகள்) நடுவே உள்ள எல்லையில் ஓடி, பக்கத்துக்கு இரண்டு என நான்கு வாய்களில் இடது மேலறையில் வந்து சேரும்.

பாடப்புத்தகப் படம் இவ்வளவுதான். ஆனால் இந்த நான்கு வாய் அமைப்பே பத்தில் ஆறேழு பேருக்குத்தான் இருக்கிறது. மூச்சுக்கிளைகள் ஓரளவு ஒரே மாதிரி இருக்கும், தமனிகள் அதைவிட அதிகம் மாறும், சிரைகள்தான் ஆளுக்கு ஆள் வேறுபடும்.

இவை போக நுரையீரலுக்கு இன்னொரு ரத்த வழி உண்டு. மகாதமனியிலிருந்து நேராகக் கிளம்பி மூச்சுக்கிளைகளின் சுவருக்கு உணவூட்டும் மூச்சுக்கிளைத் தமனிகள் அவை. இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் சுமார் 1 சதவீதம்தான் அவற்றில் போகும். ஆனால் மகாதமனியின் முழு அழுத்தத்தோடு போகும். இருமலில் ரத்தம் வரும்போது இதுவே பிரச்சினை. அதைக் கீழே தனியாகச் சொல்கிறோம்.

ஏன் இப்படி மாறுகிறது? கர்ப்பத்தின்போது ஏதாவது தப்பு நடந்ததா?

கிரகணத்தில் வெளியே வந்ததும் காரணமல்ல, பப்பாளி சாப்பிட்டதும் காரணமல்ல. இதை வைத்து எந்தத் தாயையும் குறை சொல்ல இடமில்லை.

கருவின் நான்காவது வாரவாக்கில் நுரையீரல் ஒரு சின்ன மொட்டாகத் தோன்றுகிறது. அதைச் சுற்றி ஒரு ரத்தக்குழாய் வலை படரும். அந்த வலையின் ரத்தம் முதலில் உடலின் பொதுச் சிரைகளுக்குத்தான் வடியும். பிறகு இடது மேலறையிலிருந்து ஒரே ஒரு சிரை முளைத்து வலையோடு இணையும், பழைய இணைப்புகள் சுருங்கி மறையும். மேலறை வளர வளர அந்தச் சிரையையும் அதன் முதல் கிளைகளையும் தன் சுவருக்குள் இழுத்துக்கொள்ளும். இழுப்பு சரியான இடத்தில் நின்றால் நான்கு வாய். கொஞ்சம் முன்னதாக நின்றுவிட்டால் இரண்டு சிரை சேர்ந்து ஒரே வாய். கூடுதலாக இழுத்துவிட்டால் ஐந்து, ஆறு வாய். பழைய இணைப்பு ஒன்று மறையாமல் தங்கிவிட்டால் ஒரு சிரை இடது மேலறைக்கு வராமல் வேறு எங்கோ போய்ச் சேரும். இந்தக் கடைசி வகைதான் வெறும் மாறுபாடு என்ற எல்லையைத் தாண்டி, பிறவிக் குறை என்ற கணக்கில் வருகிறது.

இடது பக்கம் இரண்டு சிரையும் ஒரே வாயில் சேர்கின்றன என்று போட்டிருக்கிறது. வலதில் ஒரு சிரை கூடுதல் என்றும் இருக்கிறது. மருந்து வேண்டுமா?

வேண்டாம். இடதில் பொதுத்தண்டு, வலதில் நடுமடலுக்குத் தனிச் சிரை இரண்டும் மிகச் சாதாரணமாகக் காணப்படுபவை. மூச்சு, நடை, ஆயுள் எதையும் இவை பாதிப்பதில்லை. ஆனால் யாராவது அந்த இடத்தில் கருவி வைக்கும் நாளில் இவை முக்கியமாகிவிடும். ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

அப்பாவுக்கு இதயத் துடிப்புத் தாறுமாறாக இருக்கிறது, அப்லேஷன் செய்யச் சொல்கிறார்கள். அதற்கும் நுரையீரல் சிரைக்கும் என்ன சம்பந்தம்?

இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைத் தூண்டும் மின்பொறிகள் எங்கிருந்து கிளம்புகின்றன என்று பிரான்சின் போர்தோ நகரத்தில் ஐசகேர் தலைமையிலான குழு தேடியது. 1998-ல் வெளியான அந்த ஆய்வில் 45 நோயாளிகளிடம் கிடைத்த 69 பொறிகளில் 65 நுரையீரல் சிரைகளுக்குள் இருந்தன. சிரையின் வாயைச் சுற்றி வட்டமாகச் சுட்டோ உறையவைத்தோ மின்தடை போடும் இன்றைய அப்லேஷன் சிகிச்சைக்கு அதுதான் அடிப்படை.

இங்கே வாய்களின் எண்ணிக்கையும் அளவும் நேரடியாகக் கணக்கில் வரும். உறையவைக்கும் பலூனின் வழக்கமான விட்டம் 28 மி.மீ., சிறியது 23 மி.மீ. இடது பொதுத்தண்டின் வாய் அதைவிட அகலமாகவோ முட்டை வடிவிலோ இருந்தால் பலூன் அடைத்து உட்காராது, விளிம்பில் ரத்தம் கசியும், அந்தப் பக்கம் சரியாக உறையாது. அப்போது கிளைகளை ஒவ்வொன்றாக அடைக்க வேண்டும், அல்லது புள்ளி புள்ளியாகச் சுடும் முறைக்கு மாற வேண்டும். வலது நடுமடலின் தனிச் சிரை மிகச் சிறியது. அதன் உள்ளே சுட்டுவிட்டால் தழும்பு விழுந்து குறுகிவிடும்.

அப்லேஷன் முடிந்து சில வாரம், சில மாதம் கழித்து மூச்சுத்திணறல், இருமல், சளியில் ரத்தம் வந்தால் முதலில் நினைக்க வேண்டியது சிரை குறுகியிருக்கிறதா என்பதை. நம் ஊரில் அந்த அறிகுறிக்கு டி.பி. மருந்தோ நிமோனியா மருந்தோதான் முதலில் எழுதப்படும். "அப்லேஷன் செய்திருக்கிறோம்" என்ற ஒரு வாக்கியத்தை எந்த டாக்டரிடமும் சொல்ல மறக்காதீர்கள்.

நுரையீரல் மடல் ஒன்றை எடுக்கும் ஆபரேஷன். மாறுபாடு தெரியாமல் போனால் என்ன ஆகும்?

இந்தப் பக்கத்தில் எல்லோரும் நிதானமாகப் படிக்க வேண்டிய பதில் இதுதான்.

மடலை எடுக்கும்போது அதன் தமனிகள், சிரை, மூச்சுக்கிளை மூன்றையும் தனித்தனியே பிரித்து ஸ்டேப்ளர் போட்டு வெட்டுவார்கள். இடது மேல்மடல் ஆபரேஷனை எடுத்துக்கொள்வோம். முன்பக்கத்தில் தடித்த சிரை ஒன்று தெரிகிறது. அது மேல்சிரை என்று நினைத்து ஸ்டேப்ளர் போட்டாயிற்று. உண்மையில் அது பொதுத்தண்டாக இருந்தால்? தங்க வேண்டிய கீழ்மடலின் வடிகாலும் சேர்ந்து அடைபட்டுவிட்டது. தமனி உள்ளே ரத்தத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும், வெளியே வழியில்லை. கீழ்மடல் கருநீலமாக வீங்கி, கெட்டிப்படும். சிரையை மீண்டும் மேலறையோடு தைத்து இணைக்க முடியாவிட்டால் முழு இடது நுரையீரலையும் எடுக்க வேண்டி வரும். இதைத் தடுக்க ஒரு எளிய பழக்கம் உண்டு. மேல்சிரையை வெட்டுவதற்கு முன், நுரையீரலைத் தூக்கிப் பின்பக்கம் கீழ்சிரை தனியாக மேலறைக்குப் போவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். இரண்டு நிமிட வேலை.

வலது பக்கத்தில் கவனம் நடுமடல் சிரை மேல். அது பெரும்பாலும் மேல்சிரையோடு சேரும். ஆகவே மேல்மடலை எடுக்கும்போது அதை விலக்கி வைத்துக் காப்பாற்ற வேண்டும். சிலருக்கு அது கீழ்சிரையில் போய்ச் சேரும். அவர்களுக்குக் கீழ்மடல் ஆபரேஷனில் கீழ்சிரையை அடியோடு வெட்டினால் நடுமடல் வடிகாலை இழக்கும்.

இன்னொன்று, வலது மேல்மடலின் பின்துண்டச் சிரை இடைமூச்சுக்கிளைக்கு (மேல்மடலின் கிளை பிரிந்தபின் வலதில் கீழே தொடரும் மூச்சுக்கிளை) முன்னால் வராமல் பின்னால் வருவது. புற்றுநோய் ஆபரேஷனில் மூச்சுக்குழாய் பிரியும் இடத்துக்குக் கீழே உள்ள நிணநீர்க் கணுக்களைச் சுரண்டி எடுப்பார்கள். அந்தச் சிரை சரியாக அந்தக் கொழுப்புக்குள்தான் ஒளிந்திருக்கும். பார்க்காமல் இழுத்தால் கிழியும்.

தமனியில் அதிகம் சிக்கல் தருவது இடது மேல்மடல்தான். அங்கே கிளைகளின் எண்ணிக்கையே ஆளுக்கு ஆள் மாறும், நான்கைந்து என்பது வழக்கம். லிங்குலா என்ற நாக்குப் பகுதிக்குப் போகும் தமனி சாதாரணமாக இரு மடல்களுக்கு இடையிலான பிளவில் கிளம்பும். நாலில் ஒருவர் அளவுக்கு அது அதற்கு முன்பே கிளம்பி மூச்சுக்கிளையின் முன்புறமாக வருகிறது. பிளவுக்குள் மட்டும் தேடுபவர் அதைப் பார்க்க மாட்டார். சிரையை வெட்டி மூச்சுக்கிளையைப் பிரிக்கப் போகும்போது அது மாட்டும். நுரையீரல் தமனியில் அழுத்தம் குறைவுதான், ஆனால் சுவர் மெல்லிசு, ஈரத் தாள் கிழிவதுபோலக் கிழியும். சின்னத் துளைகள் வழியே செய்யும் ஆபரேஷனில் அந்த நிமிடத்தில் மார்பைத் திறக்க வேண்டி வரலாம்.

சின்னக் கட்டிக்கு மடல் முழுவதும் வேண்டாம், துண்டம் மட்டும் எடுக்கலாம் என்கிறார்கள். அதற்கு வேறு ஸ்கேன் வேண்டுமா?

2 செ.மீ.க்கு மேல் போகாத, ஓரத்தில் உள்ள ஆரம்பநிலைப் புற்றுக்குத் துண்டம் எடுப்பதே போதும் என்பதற்கு 2022-ல் வெளியான 1,106 பேரின் ஜப்பானிய ஆய்வு பெரிய சான்று. ஆனால் துண்டத்துக்கு மடல்போல வெளியே தெரியும் பிளவு கிடையாது. எல்லை எது என்று சொல்வதே துண்டங்களுக்கு இடையே ஓடும் சிரைதான். அதனால் மெல்லிய தளங்களில் எடுத்த சி.டி.யும், அதிலிருந்து கம்ப்யூட்டரில் உருவாக்கிய முப்பரிமாணப் படமும் இங்கே கட்டாயம் வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஆபரேஷனின்போது துண்டத்தின் தமனியை அடைத்தபின் இன்டோசயனின் கிரீன் என்ற சாயத்தைச் சிரை வழியே ஏற்றி, அகச்சிவப்புக் கேமராவில் பார்ப்பார்கள். ரத்தம் போகும் இடமெல்லாம் பச்சையாக ஒளிரும், எடுக்க வேண்டிய துண்டம் இருண்டு நிற்கும். தமனிக் கிளை ஒன்றைத் தவறாக எண்ணியிருந்தால் அந்தக் கோடும் தவறாகத்தான் விழும்.

ஒரு நுரையீரல் சிரை மேற்பெருஞ்சிரையில் சேர்கிறது என்றார்கள். ஆபத்தா?

சுத்திகரித்த ரத்தத்தில் ஒரு பங்கு உடலுக்குப் போகாமல் இதயத்தின் வலது பக்கத்துக்கே திரும்புகிறது. ஆயிரம் பேரில் நாலைந்து பேருக்கு இது இருக்கும். ஒரே ஒரு சிரை, இதயச் சுவரில் ஓட்டை இல்லை என்றால் பலருக்கு ஆயுள் முழுக்க ஒன்றும் தெரியாது. வலது மேல்சிரை மேற்பெருஞ்சிரையில் சேர்ந்தால் அதோடு கூடவே இரு மேலறைகளுக்கு நடுவே, உச்சியில் ஒரு ஓட்டை இருக்கிறதா என்று தேட வேண்டும். சாதாரண எக்கோவில் அந்த இடம் தப்பிவிடும், உணவுக்குழாய் வழியாகச் செய்யும் எக்கோவோ சி.டி.யோ எம்.ஆர்.ஐ.யோ தேவைப்படும். நுரையீரலுக்குப் போகும் ரத்தம் உடலுக்குப் போவதைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டி, வலது அறைகளும் பெருத்திருந்தால் ஆபரேஷன் பற்றிப் பேசுவார்கள்.

வலது சிரைகள் கீழ்நோக்கி வளைந்து கீழ்பெருஞ்சிரையில் சேரும் அரிய வகையும் உண்டு. எக்ஸ்ரேயில் இதயத்தின் வலது ஓரமாக வளைந்த வாள்போல நிழல் தெரிவதால் துருக்கி வாளின் பெயரால் சிமிட்டர் என்பார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இப்படி ஒரு சிரை இருப்பவருக்கு வேறொரு மடலை எடுக்க நேர்ந்தால், மிச்சமிருக்கும் நுரையீரலில் வழிதவறும் ரத்தத்தின் பங்கு திடீரென்று கூடிவிடும். அதுவரை தாங்கிய வலது இதயம் ஆபரேஷனுக்குப் பின் தளரலாம். முன்கூட்டியே தெரிந்தால் அந்தச் சிரையை அதே ஆபரேஷனில் இடது மேலறையோடு இணைத்துவிட முடியும்.

ஐ.சி.யு.வில் வேலை செய்பவர்களுக்கு: கழுத்தின் இடது பக்கச் சென்ட்ரல் லைனில் வரும் ரத்தம் பளீரென்று சிவப்பாக, ஆக்ஸிஜன் அதிகமாக இருக்கிறது, ஆனால் அழுத்தம் சிரைக்குரியதாக இருக்கிறது என்றால், தமனியில் போட்டுவிட்டோம் என்று உடனே பிடுங்காதீர்கள். நுனி இப்படிப்பட்ட ஒரு நுரையீரல் சிரைக்குள் போயிருக்கலாம். அழுத்த அலையைப் பார்த்து, படம் எடுத்து முடிவு செய்யுங்கள்.

பிறந்த குழந்தைக்கு நான்கு சிரையும் தப்பான இடத்தில் என்றால்?

தாமதிக்கக் கூடாது. சேரும் இடத்தைப் பொறுத்து இதயத்துக்கு மேலே, இதயத்துக்குள், உதரவிதானத்துக்குக் கீழே, கலப்பு என நான்கு வகை. கீழே போகும் வகையில் வழியில் அடைப்பு இருப்பது அதிகம். குழந்தை நீலம் பாரிக்கும், ஆக்ஸிஜன் வைத்தும் அளவு ஏறாது, மூச்சு வேகமாக ஓடும். தீர்வு அவசர ஆபரேஷன் மட்டுமே. அடைப்பில்லாத வகையில் குழந்தை சில வாரம் ஓரளவு நன்றாகவே இருந்து, பால் குடிக்கையில் வியர்த்து, எடை ஏறாமல் நிற்கும்.

பேரனுக்கு மூச்சு விடும்போது கரகரவென்று சத்தம். ஆஸ்துமா மருந்துக்குக் குறையவில்லை. இதுவும் ரத்தக்குழாயால் வருமா?

வரலாம். இடது நுரையீரல் தமனி தண்டிலிருந்து கிளம்பாமல் வலது தமனியிலிருந்து கிளம்பி, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே புகுந்து இடதுபுறம் போகும் அமைப்பு ஒன்று உண்டு. தூளிக் கயிறுபோல மூச்சுக்குழாயைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும். மற்ற ரத்தக்குழாய் வளையங்கள் உணவுக்குழாயைப் பின்புறத்திலிருந்து அமுக்கும், இது முன்புறத்திலிருந்து அமுக்கும். பேரியம் குடிக்கவைத்து எடுக்கும் பக்கவாட்டுப் படத்தில் அந்தக் குழி தெரியும். இந்தக் குழந்தைகளில் பலருக்கு மூச்சுக்குழாயின் குருத்தெலும்பு வளையங்களே முழு வட்டமாக, குறுகி இருக்கும். அதையும் சேர்த்துப் பார்த்த பிறகே ஆபரேஷனைத் திட்டமிட வேண்டும்.

டி.பி. வந்து குணமானவர். இப்போது இருமினால் ரத்தம். எம்போலைசேஷன் செய்யலாம் என்கிறார்கள். அதில் மாறுபாடு எங்கே வருகிறது?

எம்போலைசேஷன் என்பது ரத்தம் கசியும் தமனியை உள்ளிருந்தே துகள்களால் அடைப்பது. டி.பி. சிதைத்த இடத்தில் மூச்சுக்கிளைத் தமனிகள் தடித்து, முறுக்கிக்கொண்டு வளரும். நுரையீரல் தமனியின் அழுத்தம் 25/10 அளவு என்றால் இவற்றின் அழுத்தம் கையில் பி.பி. பார்க்கும்போது வரும் அதே 120/80. அதிகமாக ரத்தம் வரும் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு ஊற்று இங்கேதான்.

தொடைத் தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, மகாதமனியில் ஐந்தாம், ஆறாம் மார்பு முள்ளெலும்புக்கு நேரே இந்தத் தமனிகளின் வாயைத் தேடுவார்கள். 1948-ல் கால்டுவெல் குழு சடலங்களில் பிரித்துப் பார்த்து நான்கு அமைப்புகளை வகைப்படுத்தியது. வலதில் ஒன்று, இடதில் இரண்டு என்பது 40.6 சதவீதம் பேருக்கு. பக்கத்துக்கு ஒன்று 21.3 சதவீதம். பக்கத்துக்கு இரண்டு 20.6 சதவீதம். வலதில் இரண்டு, இடதில் ஒன்று 9.7 சதவீதம். ஆக, ஒரு குழாயை அடைத்துவிட்டு "முடிந்தது" என்று வெளியே வர முடியாது. சிலருக்கு வாய் வழக்கமான இடத்திலேயே இருக்காது. மகாதமனி வளைவின் அடிப்பகுதி, தோள் தமனி, மார்பின் உட்சுவர்த் தமனி, உதரவிதானத் தமனி என எங்கிருந்தும் வரலாம். நெஞ்சுச் சவ்வு தடித்து ஒட்டியிருந்தால் விலா எலும்புத் தமனிகளும் புகுந்திருக்கும். முதலில் சி.டி. ஆஞ்சியோ எடுத்து 2 மி.மீ.க்கு மேல் தடித்த எல்லாத் தமனிகளையும் கணக்கெடுத்துக்கொண்டு போனால் மேஜையில் தேடும் நேரம் குறையும், விட்டுப்போவதும் குறையும்.

மிகப் பெரிய ஆபத்து முதுகுத்தண்டுவடத்தின் முன்தமனி. சிலருக்கு அதற்கு ஊட்டும் கிளை, வலது விலா எலும்புத் தமனியோடு ஒரே தண்டாகக் கிளம்பும் மூச்சுக்கிளைத் தமனியிலிருந்தே பிரியும். படத்தில் அது கொண்டை ஊசிபோல ஏறி, நடுக்கோட்டில் மடங்கி இறங்கும். அதைப் பார்த்தால் மைக்ரோகேத்தீட்டர் என்ற மிக மெல்லிய குழாயை அந்தக் கிளையைத் தாண்டி உள்ளே கொண்டுபோன பிறகுதான் துகள்களை விட வேண்டும். அதற்கு வழியில்லை என்றால் விடவே கூடாது. துகள்கள் பெரும்பாலும் 300 முதல் 500 மைக்ரான். அதைவிட மிகச் சிறியவை திசுவையே சாகடிக்கும். தமனியின் வாயிலேயே காயில் என்ற கம்பிச்சுருளை வைத்து அடைத்துவிட்டால் அடுத்த முறை ரத்தம் வரும்போது உள்ளே போக வழி இருக்காது.

முடிந்த பின் நெஞ்சுவலி, விழுங்கும்போது வலி, லேசான காய்ச்சல் சில நாள் இருக்கலாம். கால் மரத்துப்போவது, கால் பலமிழப்பது, சிறுநீர் வராமல் நிற்பது இருந்தால் அந்த நிமிடமே நர்ஸிடம் சொல்லுங்கள். எல்லாம் சரியாக அடைத்தும் ரத்தம் நிற்கவில்லையென்றால் ஊற்று குழிவின் ஓரத்தில் உள்ள நுரையீரல் தமனியின் வீக்கமாக இருக்கலாம். அதைத் தேட நுரையீரல் தமனி வழியாகத் தனியே போக வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு: ஒரு கட்டிங் சாய் கிளாஸ் நிறைய ரத்தம் வந்துவிட்டால் காலை வரை காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். எந்தப் பக்கம் நோய் என்று தெரிந்தால் அந்தப் பக்கம் கீழே இருக்குமாறு ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். நல்ல நுரையீரலுக்குள் ரத்தம் இறங்காமல் இருக்க அதுதான் வழி.

தமனியும் சிரையும் நேராக ஒட்டிக்கொண்டிருக்கின்றன, நடுவே நுண்குழாய் இல்லை என்றார்கள். மூச்சுத் திணறல்கூட இல்லையே?

இது மாறுபாடு என்று விட்டுவிடக் கூடாத வகை. நுரையீரல் ஒரு வடிகட்டியும்கூட. நடுவே நுண்குழாய் வலை இல்லாவிட்டால் சின்ன ரத்தக்கட்டியும் கிருமியும் நேரே மூளைக்குப் போகும். முதல் அறிகுறியே பக்கவாதமாகவோ மூளையில் சீழ்க்கட்டியாகவோ இருக்கலாம். வீட்டில் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரைப் படுத்த நிலையில் ஒருமுறை, சில நிமிடம் நின்றபின் ஒருமுறை பாருங்கள். இவை பெரும்பாலும் நுரையீரலின் அடிப்பகுதியில் இருப்பதால் நிற்கும்போது அளவு இறங்கலாம். இறங்காவிட்டால் இல்லை என்று அர்த்தமில்லை. உறுதி செய்வது குமிழி எக்கோவும் சி.டி.யும்.

ஊட்டும் தமனி 2, 3 மி.மீ. அளவு வந்தாலே அடைத்துவிடுவது வழக்கம். அதுவரையிலும் அதன் பிறகும் பல் பிடுங்குமுன் ஆன்டிபயாடிக், சலைன் ஏற்றும்போது குழாயில் ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாமல் பார்த்துக்கொள்வது இரண்டும் அவசியம். ஆழ்கடல் முக்குளிப்பு வேண்டாம். கர்ப்பத் திட்டம் இருந்தால் முன்பே சொல்லுங்கள், கர்ப்பத்தில் இது பெரிதாகி வெடிக்கக்கூடும்.

குடும்பத்தில் அடிக்கடி மூக்கில் ரத்தம் வருபவர்கள், உதட்டிலும் விரல் நுனியிலும் குங்குமப் பொட்டுபோல் சின்னச் சிவப்புப் புள்ளி உள்ளவர்கள் இருக்கிறார்களா? அப்படியென்றால் பரம்பரை ரத்தக்குழாய் நோயாக இருக்கலாம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எல்லோரையும் பார்க்க வேண்டும். மேலே சொன்ன மற்ற சிரை, தமனி மாறுபாடுகளுக்கு வீட்டார் அனைவருக்கும் ஸ்கேன் தேவையில்லை.

நுரையீரலின் ஒரு பகுதிக்கு மகாதமனியிலிருந்து ரத்தம் வருகிறதாம்?

மூச்சுக்கிளையோடு தொடர்பில்லாமல் ஒதுங்கிய திசு அது, பெரும்பாலும் இடது கீழ்மடலில் இருக்கும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நிமோனியா என்றால் இதை நினைக்க வேண்டும். ஆபரேஷனில் ஆபத்து அந்தத் தமனிதான். உதரவிதானத்துக்குக் கீழிருந்தும் அது வரும். பார்க்காமல் அறுத்தால் நுனி வயிற்றுக்குள் சுருங்கிப் போய் அங்கே கொட்டும்.

எக்ஸ்ரேயில் அசைகஸ் மடல் என்று இருக்கிறது.

கவலை வேண்டாம். நூறில் ஒருவருக்கும் குறைவானவர்களிடம் காணப்படும், தொந்தரவில்லாத அமைப்பு. தனி மடல்கூட அல்ல. ஒரு சிரை வழியில் நுரையீரலின் உச்சியை மடித்துக்கொண்டு போனதால் விழுந்த கோடு.

சி.டி. எடுக்கப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துப் போங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டால், முன்பு அயோடின் மருந்துக்கு அலர்ஜி வந்திருந்தால், கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் ஊசிக்கு முன் சொல்லுங்கள். முழங்கை மடிப்பில் பச்சை நிற 18 அல்லது இளஞ்சிவப்பு 20 அளவு ஊசிக்குழாய் வேண்டும். ரத்தக்குழாய்களைப் படத்தில் தெரியவைக்கும் அயோடின் மருந்து விநாடிக்கு 4, 5 மி.லி. வேகத்தில், மொத்தம் 60 முதல் 80 மி.லி. வரை போகும். புறங்கையில் நீல ஊசி போட்டிருந்தால் அந்த வேகம் தாங்காது.

"மூச்சைப் பிடியுங்கள்" என்றதும் பலர் முட்ட முட்ட இழுத்து முக்குவார்கள். அப்போது வயிற்றிலிருந்து மருந்து கலக்காத ரத்தம் இதயத்துக்குள் பாய்ந்து, தமனியில் மருந்து நீர்த்து, ரத்தக்கட்டி போலத் தோன்றும் இருட்டு விழும். சாதாரணமாக ஒரு மூச்சு எடுத்து அப்படியே நிறுத்தினால் போதும்.

எதற்காக எடுக்கிறோம் என்று சீட்டில் எழுதியிருக்க வேண்டும். தமனி பார்க்க ஒரு நேரம், சிரையும் இடது மேலறையும் பார்க்க சில விநாடி தள்ளி, மூச்சுக்கிளைத் தமனி பார்க்க மகாதமனி நிறையும் நேரம். "நெஞ்சு சி.டி." என்று மட்டும் எழுதிய சீட்டுக்கு இவற்றில் எதுவும் சரியாக வராமல் போகலாம்.

வெளியே வரும்போது ஃபிலிமோடு, ஸ்கேன் படங்கள் பதிந்த கம்ப்யூட்டர் தட்டும் வாங்குங்கள். அதில் 1 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய தளங்கள் இருக்கின்றனவா என்று கவுன்டரிலேயே கேளுங்கள், "தின் ஸ்லைஸ்" என்றால் புரியும். 5 மி.மீ. தளங்கள் மட்டும் போட்டுக் கொடுத்தால், பரேலில் பெரிய ஆஸ்பத்திரி எதிலாவது கேஸ் பேப்பர் எடுத்து நாள் முழுக்க வரிசையில் நின்றபின் "மறுபடி எடுத்து வாங்க" என்பார்கள். பணமும் கதிர்வீச்சும் இரண்டு முறை.

படிக்கும் மாணவர்களுக்கு: ஸ்கேனில் எந்த வரிசையில் தேடுவது?

சிரைகளை இடது மேலறையிலிருந்து வெளியே நோக்கியும், தமனிகளைத் தண்டிலிருந்து வெளியே நோக்கியும் தொடருங்கள். குழாயின் அருகே காற்று நிறைந்த மூச்சுக்கிளை இருந்தால் தமனி, தனியே ஓடினால் சிரை. பக்கத்துக்கு எத்தனை வாய் என்று எண்ணுங்கள். வலது நடுமடல் சிரை எங்கே சேர்கிறது, இடைமூச்சுக்கிளைக்குப் பின்னால் ஏதாவது ஓடுகிறதா, கீழ் மகாதமனியிலிருந்து நுரையீரலுக்குள் ஏதாவது நுழைகிறதா என்று பாருங்கள்.

மகாதமனி வளைவின் இடது ஓரத்தில் கூடுதலாக ஒரு குழாய் நேராக மேலும் கீழும் ஓடினால், அது இடது மேற்பெருஞ்சிரையா, வழிதவறிய இடது மேல் நுரையீரல் சிரையா என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். இடது மூச்சுக்கிளையின் முன்னால் போய்ப் பாருங்கள். அங்கே வழக்கமாக ஒரு குழாய், அதாவது இடது மேல்சிரை, இருக்கும். இரண்டு இருந்தால் கூடுதலாக இருப்பது இடது மேற்பெருஞ்சிரை. ஒன்றுமே இல்லையென்றால் நுரையீரல் சிரைதான் மேலே போய்விட்டது. கண்டதை ரிப்போர்ட்டின் நடுவில் புதைக்காமல் முடிவுரையில், எந்த ஆபரேஷனுக்கு அது முக்கியம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அவசரத்தில் இருக்கும் சர்ஜன் படிப்பது அந்தக் கடைசி மூன்று வரியைத்தான்.

விமானத்தில் போகலாமா? ஜிம்முக்குப் போகலாமா?

பொதுத்தண்டு, கூடுதல் சிரை, அசைகஸ் மடல் இருந்தால் எந்தத் தடையும் இல்லை. தமனியும் சிரையும் நேராக இணைந்தவர்கள் ஆக்ஸிஜன் அளவைப் பொறுத்து டாக்டரிடம் கேட்டுக்கொண்டு பறக்கலாம். நீண்ட பயணத்தில் காலை அசைத்துக்கொண்டு, தண்ணீர் குடித்துக்கொண்டு இருங்கள், காலில் கட்டி உருவானால் அவர்களுக்கு அதைத் தடுத்து நிறுத்த வடிகட்டி இல்லை.